சுண்டெலிகளுக்காக ஒரு பொய்

ஆவணி 1, சனி

காலையிலிருந்து தூறல். எலிப்பெட்டியைப் பின்தாழ்வாரத்தின் உள்மூலைக்கு நகர்த்தினேன். மரத்தூள் மாற்றியாயிற்று. எனக்குத் தும்மல் பதினொன்று.

எங்கள் தொழிற்சாலை வரைபடப் பிரிவு தேவராஜன் விட்டுப்போன வெள்ளைச் சுண்டெலி ஜோடி. "ரெண்டே நாள் சார், வந்து எடுத்துக்கறேன்" என்றான். இன்றோடு இருபத்திரண்டு நாள். மாற்றலாகி வடக்கே போய்ச் சேர்ந்து கடிதமும் போட்டுவிட்டான். அவ்வூர்க் குளிர், சப்பாத்தி, மேலதிகாரியின் மீசை எல்லாம் உண்டு. எலி பற்றி ஒரு வரி இல்லை. அயோக்கியன்.

தேவை: கம்பு (ரேஷனில் போட்டது), ரொட்டி ஓரம், தச்சுப் பிரிவிலிருந்து மரத்தூள், கனமான கிண்ணம். லேசானதைக் கவிழ்த்துவிட்டு அதிலேயே படுக்கின்றன.

கிண்ணம் கழுவும்போது சரோஜா: "கல்யாணமாகி பதினாலு வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் கழுவிக் குடுத்திருக்கீங்களா?"

இல்லை.

ஆவணி 5, புதன்

வெயில். ஆலைச் சங்கு ஊதுமுன்பே வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். தனபாக்கியம் அம்மாள். இந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் நெல்வயல். வயல் தொழிற்பேட்டைக்குப் போயிற்று; மகன் அதே இடத்தில் லேத் ஓட்டுகிறான். எலிமேல் உள்ள பகை மட்டும் வயலோடு போகவில்லை.

"இன்னா சார், ஊடு உட்டது ஆளுக்கா, எலிக்கா?"

"கூண்டுலதானேம்மா இருக்கு."

"இன்னிக்கு கூண்டுல கீது. நாளைக்கு எங்க அரிசிப் பானைல கீது. ஊரே பொறி வச்சுப் புடிக்குது, நீங்க மெத்தை போட்டு வளக்கறீங்க! வெள்ளிக்கெயமைக்குள்ள அதுங்க போவணும். இல்லாங்காட்டி நீங்க போவணும்."

பெண் எலியின் வயிறு எலுமிச்சங்காய் அளவு. இந்த நிலைமையில் எங்கே அனுப்புவது? விசாரித்ததில் ஒருவன்தான் வாங்கிக்கொள்ளத் தயார். பாம்பு வைத்திருக்கிறான்.

ஆவணி 6, வியாழன்

பொய் சொன்னேன். திட்டமிடவில்லை. கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அம்மாள் "இன்னா சார், நாளைக்குப் போயிடுமில்ல?" என்றார். வாயில் பற்பொடியோடு சொன்னேன்: "இது சாதாரண எலி இல்லைம்மா. வெள்ளை. பிள்ளையார் வாகனம். சதுர்த்தி வர நேரத்துல வெளியே அனுப்பலாமான்னுதான் யோசிக்கிறேன்."

இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அய்யய்யோ! முன்னியே சொல்லக்கூடாதா சார்? நான் வேற வாய்க்கு வந்தத பேசிட்டனே!"

போன மாதம் வாசகசாலைக் கூட்டத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றி முக்கால் மணி நேரம் பேசியவன் நான். மாலை போட்டார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த சரோஜா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பொய்மேல் பெருமைதான்.

ஆவணி 9, ஞாயிறு

ஏழு. உரித்த வேர்க்கடலை நிறம், அளவும் அதே. ஆணைத் தனியாகத் தகர டப்பாவுக்கு மாற்றினேன் (மூடியில் ஓட்டை போட்டு).

நூலகப் புத்தகம் சொல்வது: பத்து நாள் கூட்டைத் தொடக்கூடாது. இடம் மாற்றக்கூடாது. சத்தம் ஆகாது. அந்நிய வாசனை பட்டாலோ மிரண்டாலோ தாயே குட்டிகளைத் தின்றுவிடும்.

அட்டையில் 'தொடாதீர்கள்' என்று எழுதித் தொங்கவிட்டேன். அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஆணி அடித்த பிறகு நினைவுக்கு வந்தது. வாயாலும் சொன்னேன். "நான் ஏன் சார் தொடறேன்?" என்றார்.

மதியம் அவர் வாகனத்துக்கு வெல்லம் கொண்டுவந்தார். வந்த வழியிலேயே அவர் சமையலறையில் பொறி விழுந்த சத்தம். திரும்பிப் போய், சாம்பல் நிறத்தவன் ஒருவனைப் பொறியோடு வாளியில் அமிழ்த்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அதுவும் எலிதானேம்மா?"

"அது வெறும் எலி சார்."

ஆவணி 12, புதன். சதுர்த்தி

தொழிற்சாலைக்கு விடுமுறை இல்லை, அவசர ஆர்டராம். சரோஜா வில்லிவாக்கத்தில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்தரைக்குத் திரும்பினேன். தாழ்வாரத்து மூலை காலி.

பெட்டி முன்கூடத்தில், களிமண் பிள்ளையாருக்கு எதிரே. சாம்பிராணி. மணி. தெருப் பெண்கள் எல்லாரும். தாய் எலியின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கூடு கலைந்து கிடந்தது.

"வாங்க சார்! குட்டிங்களுக்கும் ஆளுக்கொரு மஞ்சப் பொட்டு வச்சிக்கீறேன். கண்ணு பட்டுடப்போவுது."

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே!"

"குளிச்சிட்டு, சுத்தபத்தமாத்தான் சார் தொட்டேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பின்னால் யாரோ: "இன்னா சார், வாகனத்த நீ மட்டும் வச்சுக்கினு கும்புடுவியா?"

ஈரத்துணியால் மஞ்சளைத் துடைக்கலாமா? புத்தகத்தில் அதற்குக் குறிப்பு இல்லை. எழுதியவர் எங்கள் அம்பத்தூரில் இருந்ததில்லை.

ஆவணி 13, வியாழன்

காலை ஆறு மணி: ஐந்து. தொழிற்சாலையிலிருந்து திரும்பியபோது: ஒன்று, அதுவும் பாதி. அதை எடுத்துக் கொல்லையில் புதைத்தேன்.

தாய் முகம் கழுவிக்கொண்டிருந்தது. அதன்மேல் கோபமில்லை.

அம்மாள் கண்ணீர் விட்டார். உண்மையான கண்ணீர். "சாமி குடுத்தது, சாமியே எடுத்துக்கிச்சு சார்."

 கத்த வேண்டுமானால் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் மிச்சமுள்ள இரண்டும் தெருவில். ஆக, என் கோபத்துக்கும் நானே பூட்டுப் போட்டிருக்கிறேன். என்ன சாமர்த்தியம்!

தேவராஜனுக்குக் கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்று தடவை.

ஆவணி 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை சாமியை வழியனுப்பக்கூடாதாம். நாளைதான் கரைக்கிறார்கள், அயனம்பாக்கம் ஏரியில். இது எனக்கு என்னத்துக்கு என்று நினைத்தேன். எனக்குத்தான்.

அம்மாள் பூவோடு வந்தார். "எதிர்வூட்டம்மா சொல்லுது, பிள்ளையார் மட்டும் எப்பிடித் தனியா போவாருன்னு. நெசந்தானே சார்? நாளைக்கு அந்த ரெண்டையும் ஏரில உட்டுடலாம். நீந்திக்கினு கூடவே போயிடும்."

முகத்தில் அத்தனை கருணை.

"அது வாகனம் இல்லை" என்றேன். "வெறும் எலி. கூட வேலை பார்த்தவன் விட்டுட்டுப் போனது. நான் சொன்னது பொய்."

கொண்டுவந்த பூவை மடியில் கட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக: "அப்ப அன்னிக்கு நான் யார கும்புட்டேன்?"

 இருந்த ஏழு பதில்களும் கொல்லையிலும் தாயின் வயிற்றிலும்.

"சாமி பேர்ல பொய் சொல்ற ஆளு எனக்கு வாணாம் சார். எலி இர்க்கட்டும், போவட்டும். நீங்க காலி பண்ணுங்க."

 மூடநம்பிக்கை பற்றி என்னிடம் முக்கால் மணி நேரச் சரக்கு இருக்கிறது. இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆவணி 16, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. சரோஜாவோடு ஆவடி வரை ரயில், அங்கிருந்து நடை. கோவில்பதாகையில் ஒரு வீடு. ஓடு வேய்ந்தது, கிணறு உண்டு, தாழ்வாரம் உண்டு. சொந்தக்காரர் முண்டா பனியனோடு வாசலில் நின்று கேட்டார்: "மொத்தம் எத்தினி பேரு?"

இரண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நாலு" என்றாள் சரோஜா. "ரெண்டு எலி. முதல்லயே சொல்லிடறோம்."