காசிம் பாய் மேல் போட்ட பழி

ஐப்பசி 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மூடுபனி. வாசலுக்கு எதிரே இருக்கிற மிளகுக்கொடிகூடத் தெரியவில்லை. துவைத்த துணி மூன்றாம் நாளாக ஈரம்.

மோட்டார் சைக்கிளைப் பார்க்கும் நாள். மழையில் மூன்று வாரம் எடுக்கவே இல்லை. தார்ப்பாயை விலக்கித் துடைத்து, சோக் இழுத்து உதைத்தேன். எட்டாவது உதையில் பிடித்தது. பிடித்ததும் இருமல், கரும்புகை. ஆக்சிலேட்டர் கொடுத்தால் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது.

பார்த்தவை:
பிளக் - ஒரே கரி, பெட்ரோல் ஈரம். உப்புத்தாளில் தேய்த்தாயிற்று.
பாயிண்ட் - நெருப்பு வருகிறது.
பெட்ரோல் - பழசை இறக்கிப் புதிது, அரை லி.
கார்பரேட்டர் - கழற்றினால் பளபளவென்று வெள்ளை. நம்முடையது இப்படி இருக்காது. நாற்பது வருட அழுக்கு எனக்குத் தெரியாதா.

கடைசியாக அதைத் திறந்தவர் காசிம் பாய். ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் பக்கம் ஒர்க்‌ஷாப். போன மாதம் சர்வீஸ் செய்து கொடுத்தார். இந்தப் பழைய வண்டிக்கு ஒரிஜினல் சாமான் சேலத்தில் தேடினாலும் கிடையாது. புரிந்துவிட்டது.

பதினோரு மணி பஸ்ஸில் போனேன். ஞாயிறு, டூரிஸ்ட் கூட்டம். டீக்கடைக்கு எதிரில் வைத்தே கேட்டேன்.

"எங்க ஊட்டு ஒரிஜினலை எடுத்துட்டு டூப்ளிகேட்டை மாட்டி உட்டிருக்கீங்களே பாய்! கிழவிதானே, என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சீங்களா?"

"ஏனுங்கம்மா, கழுவி அதையேதானுங்க மாட்டினேன். நான் வந்து வண்டிய ஒருக்காப் பாக்கட்டுங்களா?"

"எடுத்த கை மறுக்காத் தொடறதா? வேண்டாம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "அம்மாவே சொல்றாங்கன்னா சும்மா இருக்காது" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி 11, செவ்வாய்

வெயில். துணிகள் காய்ந்தன. அரிசி ஊறப்போட்டேன்.

டூப்ளிகேட்டோ என்னவோ, ஓட்டியே காட்டுவது என்று வண்டியிடம் உட்கார்ந்தேன். மிச்சம் இருந்தது ஏர் பில்டர் டப்பா மட்டும். திறந்தேன். காற்றுப் போகிற வாயில் துணி. நீலப்பூப் போட்டது. என் பழைய உள்பாவாடையில் கிழித்தது.

வைத்தது நான். போன வருடம் மழையில் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிட்டது. இந்த வருடம் முந்திக்கொண்டு, வண்டியை மூடும்போது அடைத்தேன். அடைத்ததை மறந்தேன். காற்றே இல்லாமல் வண்டி எப்படி ஓடும்.

எடுத்தேன். ஒரே உதை. தடதடவென்று சீராக ஓடியது. கார்பரேட்டர் ஏன் பளபளத்தது என்பதும் தெரிந்தது. பாய் அவ்வளவு நன்றாகக் கழுவியிருக்கிறார்.

வீட்டுக்காரர் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஏறுவதில்லை. சத்தம் கேட்பதோடு சரி. உள்ளேயிருந்து, "என்ன புள்ள கோளாறு?"

"பிளக்குதானுங்க."

துணியை அடுப்பில் போட்டேன்.

"என்னமோ கருகற வாடை வருதே?"

"கரித்துணிங்க."

இரண்டு பொய். கால் மணி நேரத்துக்குள்.

ஐப்பசி 12, புதன்

மேகம். பாயிடம் போய்ச் சொல்ல வேண்டும். போகவில்லை.

செய்தவை: மாவு ஆட்டினேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். முந்தாநாளும் விட்டதுதான். கோழிக்கூண்டு கழுவினேன். ஒன்பதே கால் பஸ் போனதைப் பார்த்தேன். பதினோரு மணி பஸ்ஸையும் பார்த்தேன்.

மாலை பேத்தி போன், சேலத்திலிருந்து. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

"அம்மாயி! பாய் டூப்ளிகேட்டு மாட்டியும் நீங்களே சரி பண்ணிட்டீங்களாமே! தாத்தா சொன்னாரு. நம்ம குரூப்ல போட்டுட்டேன், போன லீவுல நீங்க உதைக்கறப்ப எடுத்த வீடியோவும் சேத்து. எங்க கிளாஸ்ல எல்லாம் உங்க அம்மாயி நொம்பக் கெத்துடிங்கறாங்க."

"இல்ல கண்ணு..."

"என்ன இல்ல?"

"ஒண்ணுமில்ல சாமி. சாப்ட்டியா?"

அஞ்சாவதோடு நின்றவள் நான். இன்ஜினியருக்குப் படிக்கிறவள் என்னைப் பெருமையாகப் பேசுகிறாள். அதை இழக்க மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டதற்கு வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சரோஜா வந்தாள். எஸ்டேட் ஜீப் இரண்டும் இனி பாயிடம் போகாதாம். கீழே சேலத்தில் காட்டப்போகிறார்களாம். "அவங்களே அப்படித்தான், நம்பக் கூடாது" என்று ரைட்டர் கடைவீதியில் சொல்கிறாராம். அவங்க என்றால் யார் என்று கேட்கத் தேவையில்லை. நான் அப்படிச் சொல்லவில்லையே, ஒரு சாமானைப் பற்றித்தானே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில்லை. திருடர் என்றுதான் சொன்னேன். மற்றதை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐப்பசி 14, வெள்ளி

தூறல். மதியத்துக்கு மேல் காசிம் பாய் வீட்டுக்கு வந்தார். தொழுகை முடித்து நேரே வந்தவர்போல, தலையில் தொப்பி. சரோஜா இங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு கார்பரேட்டரை எடுத்தார். நம் வண்டி மாடலுக்கானதேதான்.

"இது எங்க அத்தா வண்டியில இருந்ததுங்கம்மா. அந்த வண்டிய நான் விக்காம வச்சிருக்கேன். உங்களோடதை நான் எடுக்கலைங்க. ஆனா இருவது வருசமாக் கடை வச்சிருக்கேன், ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்லைங்க. இதை மாட்டிக்குங்க. கடைப்பக்கம் வந்து, சரியாப் போச்சுன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சரோஜா கீரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"வச்சுட்டுப் போங்க" என்றேன்.

வச்சுட்டுப் போங்க! அவ்வளவுதான் வந்தது. படியில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனார்.

"பாத்தீங்களாக்கா? மனசு குத்திருச்சு, கொண்டாந்துட்டான்" என்றாள் சரோஜா. பொழுது சாய்வதற்குள் எங்கள் கிளியூர் முழுக்கச் சொல்லியிருப்பாள். எடுக்காததைத் திருப்பிக் கொடுத்தவர் ஆகிவிட்டார் பாய்.

படியில் இருந்ததை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஐப்பசி 15, சனி

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். துணி, அடுப்பு, எல்லாம். ரேடியோவை நிறுத்தினார்.

"அந்தப் பையன் அப்பன் வண்டியக் கழட்டிக் கொண்டாந்திருக்கான். நீ வாங்கி வச்சிருக்க."

"ஆமாங்க."

"பஸ்ஸு ஒம்பதே காலுக்கு."

போனேன். பாய் கடையில் இல்லை, பூட்டியிருந்தது. டீக்கடையில் ரைட்டரும் நாலைந்து பேரும். நின்றபடியே சொன்னேன்: துணி வைத்தது நான், மறந்தது நான், பாய் ஒன்றும் எடுக்கவில்லை.

ரைட்டர் சிரித்தார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. சாமான் திரும்பி வந்துருச்சு, பாவம் பொழைச்சுப் போகட்டும்னு சொல்றீங்க."

"இல்லைங்க, நெசமாலுமே..."

"புரியுதுங்கம்மா, புரியுது. டீ சாப்டுங்க."

டீக்கடைக்காரர் கண் கலங்கினாற்போல் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. போகும்போது இருந்ததைவிட நல்லவளாகத் திரும்பினேன்.

ஐப்பசி 16, ஞாயிறு

பனி விலகப் பத்து மணி ஆனது. சரோஜா வீட்டுக்காரர் முருகனின் பிக்கப் வண்டியில் நம் வண்டியை ஏற்றச் சொன்னேன். எதற்கென்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன்.

ஒண்டிக்கடையில் போன ஞாயிறு நான் நின்ற அதே இடத்தில் இறக்கினோம். பாய் கடைக்குள்ளிருந்து பார்த்தார், வெளியே வரவில்லை. ரைட்டர் இருந்தார். நல்ல கூட்டம்.

டப்பாவைத் திறந்து ஒரு துண்டை அடைத்தேன். உதைத்தேன். ஐந்தாறு உதைக்குப் பிறகு இருமல், கரும்புகை, நின்றது. பிளக்கைக் கழற்றிக் கரியைக் காட்டினேன். துடைத்து மாட்டினேன். துண்டை எடுத்துவிட்டு உதைத்தேன். ஓடியது.

"இவ்வளவுதானுங்க கோளாறு. இதுக்குத்தான் பாயைத் திருடர்னு சொன்னேன். துணிய எடுத்து அடுப்புல போட்டுட்டு, நாலு நாளு தெரியாத மாதிரி இருந்தேன். இந்தக் கார்பரேட்டரு அவங்க அத்தா வண்டியோடது."

யாரோ ஒரு டூரிஸ்ட், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாட்டிம்மா, இன்னொரு தடவை அடைச்சுக் காட்டுங்க, மொதல்ல வீடியோ எடுக்க விட்டுப்போச்சு" என்றார். சிரிப்பு.

அடைத்தேன். மறுபடி முதலிலிருந்து எல்லாம். எடுத்ததைப் பேத்தி நம்பருக்கு அனுப்பச் சொன்னேன். நம்பரை நானே சொன்னேன்.

ரைட்டர் காலால் சரளைக்கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஜீப்பு ரெண்டும் அனுப்பறேன் பாய்" என்று கடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்.

பாய் வெளியே வந்தார். கார்பரேட்டரை இரண்டு கையாலும் வாங்கினார்.

"தப்புப் பண்ணிட்டேன் பாய்."

"பரவாலைங்கம்மா. இத்தனை பேரு முன்னாடி சொன்னீங்களே, அது போதும்."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை கூடவே நின்றார். முருகன் வண்டியை ஏற்றும்போது மெதுவாகச் சொன்னார்:

"இனிமே இதை வேற எடத்துல காட்டிக்குங்கம்மா."

மரியாதையாகத்தான் சொன்னார்.

ஐப்பசி 17, திங்கள்

தூறல், பிறகு வெயில். பேத்தி போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

போன மாத சர்வீஸில் என்ஜின் ஆயில் மட்டும் மாற்றவில்லை, இந்த மாதம் மாற்ற வேண்டும். இத்தனை நாள் பாய் கையால் நடந்தது. பழைய சாக்கை விரித்து, பேசின் வைத்து, நானே படுத்துப் பார்த்தேன். அடியில் இருக்கிற நட்டு அவர் முடுக்கியது. ஸ்பேனர் போட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து இழுத்தேன்.

"முருகனைக் கூப்பிடட்டுமா புள்ள?" என்றார் உள்ளேயிருந்து.

"வேண்டாங்க."

மறுபடி இழுத்தேன்.