மறந்தவர் எடுக்கும் கட்சி

அன்புள்ள சைலாவுக்கு, தார்வாடிலிருந்து உன்னைப் பெற்ற அவ்வா எழுதுவது. நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, மழைக்கு முன் துணி எடுத்து, நலமாகவே இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் மாப்பிள்ளையையும் சிவன் காக்கட்டும். இதைப் போனில் சொன்னால் நடுவிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் காகிதம்.

இந்த வயதில் பி.ஏ. எதற்கு என்று சிரித்தாயே, மாலைக் கல்லூரியில் நடப்பதைக் கேள். தத்துவ வகுப்பு முடியும் நேரத்தில் வாத்தியார் ஒரு கேள்வி போட்டார், கொடுத்த வாக்கை ஒருவன் அடியோடு மறந்துவிட்டால் அது அவனைக் கட்டுமா என்று. மணி அடித்தது, அவர் ஸ்கூட்டரில் போய்விட்டார், பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. ப்யூன் வந்து விளக்கை அணைத்ததும் படிக்கட்டுக்குப் போனார்கள், அங்கிருந்து கிர்மிட் வண்டிக்கு, கையிலிருந்த மசாலாப் பொரி நமுத்துப் போனதுகூடத் தெரியாமல் சண்டை. டயர் கடையிலிருந்து நேராக வகுப்புக்கு வரும் முத்தண்ணா, மறந்தவன் வேற ஆளு, அவனை எப்படிப் பிடிப்ப என்கிறான். ருக்ஸானா, நல்லா இருக்கே, இனிமே எல்லாரும் மறந்துட்டேன்னு சொல்லிடலாம் என்கிறாள். எதிர் வீட்டு இரவ்வா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள், நான் வீட்டுக்கு ஓட வேண்டும், ஆனால் கால் நகரவில்லை. மறுநாளும் அதே பேச்சு. என் வீட்டுக்காரருக்கு என்னை அடையாளம் தெரியாது என்று அப்போதுதான் சொன்னேன். என்னைச் சித்தி முறை வைத்துக் கூப்பிடும் முத்தண்ணா, காக்கு, அவருக்கே தெரியலைன்னா நீங்க அங்க யாருக்குப் பொண்டாட்டியா இருக்கீங்க என்று கேட்டான். ருக்ஸானா அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். எனக்குக் கோபமே வரவில்லை சைலா. ஊரே பாவம் என்கிறது, இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மிர்ச்சி பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே அப்பா எதிரிலும் அதே கேள்வியை ஆரம்பித்துவிட்டார்கள். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனிதர் நிமிர்ந்தார். ஏ தம்பி, வாக்கு கேட்டவன்கிட்ட இருக்குடா, சொன்னவன் மறந்தா என்ன, கேட்டவன் மறக்கலையே என்றார். முத்தண்ணா விடவில்லை, இவரும் விடவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது யார் நீங்கள் என்று கேட்டார், கேள்வியும் அவருக்குப் புதிதாகத்தான் இருந்தது, ஆனால் எடுத்தது அதே கட்சி. வீம்புக்கு மறுக்கிறாரோ என்று பார்க்க, அடுத்த முறை ருக்ஸானா முந்திக்கொண்டு அவர் பக்கத்தையே பேசினாள். அவளோடு சேர்ந்துகொண்டு முத்தண்ணாவை ஒரு பிடி பிடித்தார். வாசலில் முத்தண்ணா, இது நினைவு இல்ல காக்கு, வெறும் பழக்கம் என்றான். பழக்கம்னே வச்சுக்க, யாரோட பழக்கம், அவரோடதுதானே என்றாள் ருக்ஸானா. இன்னும் முடியவில்லை அந்த வழக்கு. எனக்கும் ஆவல் தாங்கவில்லை.

அப்பா இப்ப அப்பாவா இல்லை அவ்வா, உன் உடம்பையும் பாரு என்று சொல்லி நீ பெங்களூர் முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாய். உன் கவலை எனக்குப் புரிகிறது. முத்தண்ணாவும் நீயும் ஒரே கட்சி, நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இப்போதைக்கு அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. என்னால் முடியாத நாள் வந்தால் மறைக்காமல் சொல்வேன், அது என் வாக்கு.

கம்பளிக்குள் பருத்தி போட்டுக்கொள், இல்லாவிட்டால் உனக்குத் தடிப்பு வரும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட மறக்காதே. இருவரும் நீடூழி வாழுங்கள். கடிதத்தில் நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். யாருக்கு என்றார். உங்கள் மகளுக்கு என்றேன். எப்படிப் பொண்ணு என்றார். விடாமல் வாதாடுவாள் என்றேன். அப்ப வரச்சொல் என்றார்.

இப்படிக்கு,
உன் அவ்வா கங்கம்மா