வரப்புக்கு வளையாத சுவர்

அன்பு மகள் கோகிலவாணிக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி நிர்மலாதேவி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அகமதாபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஏரியூருக்கு முதல் பஸ் வந்து பூசணிக்காய் உடைத்தார்களே, மழை தப்பிக் கேழ்வரகு கதிர் பிடிக்காமல் போனதே, உன் அண்ணன் தவழ்ந்துகொண்டிருந்தான், அந்த வருஷம்தான் நம் மேட்டு நிலத்தைச் சமன் செய்தோம். ஏர் இறங்காது, அத்தனை பாறை. நெருப்பு மூட்டிச் சுட வைத்து, தண்ணீர் ஊற்றிப் பிளந்து, உன் அம்மா செல்லம்மாள் தலையில் சுமந்து ஓரத்தில் அடுக்கியதுதான் அந்தக் கல் வரப்பு. பக்கத்து நிலத்து அர்ச்சுனன் தன் நிலத்தில் ஒரு கல்லையும் அசைக்கவில்லை, வெள்ளாடு மேயட்டும் என்று விட்டுவிட்டான்.

இப்போது ரெண்டு நிலமும் சிறுதானிய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருக்கிறது, அந்தக் கட்டடத்துக்குப் பிளான் போடுவது என் மகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் இன்ஜினியர் படத்தை விரித்துக் காட்டினார். அர்ச்சுனன் பாறைக்காகக் கட்டடம் வளைந்து போகிறதாம், அவன் ஓடைக்கு மேலே நடைபாலமாம், முள்வேலமரத்தைக்கூடத் தொடமாட்டார்களாம், எல்லாம் இயற்கையாம். நம் நிலம் சமமாக இருப்பதால் லேபும் கார் நிறுத்துமிடமும் அங்கேயாம், சுவருக்கு இடைஞ்சல் என்று கல் வரப்பை எடுத்துவிடுவார்களாம். அவன் சோம்பலுக்கு இயற்கை என்று பேர், நாங்கள் பட்ட பாட்டுக்குக் கார் நிற்கிற இடம். டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "மச்சான், உம் பொண்ணுக்கு எம் பாறதான் புடிச்சிருக்குது" என்கிறான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்றே எழுது என்று உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வயிறு எரிகிறது அம்மா. அவன் பாறைக்கு வளைகிற சுவர் உன் அம்மா வரப்புக்கு வளையக் கூடாதா? அடுத்த மாதம் மெஷின் வருகிறது, அதற்குள் படத்தைத் திருத்து. ராத்திரியெல்லாம் கண் விழித்து வரையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. குலசாமி துணையிருந்து நீ நல்லபடியாக இருக்க வேண்டும். நான் சொன்னதை மறக்காதே.

உன் அப்பா மாரப்பன், கைநாட்டு.

இன்னொன்று. வெறும் கல் குவியல்தானே, யார் கட்டியது என்று உன் ஆபீஸில் கேட்பார்கள். அடுக்கியது உன் அம்மா, என் தம்பி மாது, ஜானகியம்மாள் அத்தை. மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முந்தின வருஷம் தன் வீட்டுக் கதிர் அறுப்புக்கு நாங்கள் போனதற்குப் பதிலாக, கூலி வாங்காமல் வந்து அடிக்கல்லை எல்லாம் நெம்பி உருட்டிக் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான். சாட்சி வேண்டுமென்றால் அவனைத்தான் கேட்க வேண்டும், வேறு ஆள் இல்லை. அர்ச்சுனன்.