உச்சிவேளையில் கூப்பிட்டது

9.6.2025, திங்கள்

என் மகன் அழகுபாண்டிக்குத் தொண்டையில் இருப்பது புற்றுதான் என்று இன்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டுமாம். பிறகு கழுத்தில் விடுகிற ஓட்டை வழியாகத்தான் மூச்சு. குரல் வராது. எடுத்தால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

அவன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டான். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். "பெரியார், பெரியார், வில்லாபுரம்" என்று நிறுத்தங்களின் பேரை அவன் கூவினால் ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஆறு மாதமாக அந்தக் குரல் இல்லை. கரகரவென்று காற்றுதான் வருகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னான்: "ஊமையா இருக்கறதுக்கு நான் போயே சேந்துருவேன் ஆத்தா."

பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது?

11.6, புதன்

ஆபரேஷன் இருபத்தி நாலாம் தேதி. அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

12.6, வியாழன்

மருமகள் நாகஜோதி அவன் பழைய குரலைத் தேடுகிறாள். போனில் ஒன்றும் இல்லை. கல்யாண வீடியோவைப் போட்டோம். வாய் அசைகிறது, அதற்கு மேலே பாட்டை ஏற்றி வைத்திருக்கிறான் வீடியோக்காரன். "அப்பத்தா, அப்பா அதுல என்ன சொல்றாரு?" என்று பேத்தி தமிழ்வாணி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

13.6, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று நோட்டை மூடி மூடித் திறக்கிறேன்.

உச்சிவேளை. மகனும் மருமகளும் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தார்கள். வாணி பள்ளிக்கூடத்தில். நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஆத்தா."

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம். அழகுபாண்டியின் குரல். இப்போதைய குரல் இல்லை. பழைய ஆட்டோ ஸ்டாண்டுக் குரல், கணீரென்று.

உச்சியில் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் 'ஏன்' என்று கேட்க வேண்டும். மனுசர் மூன்று முறை கூப்பிடுவார்கள், மற்றது இரண்டோடு நிறுத்திவிடும். என் ஆத்தா எனக்குச் சொன்னது, நான் இவனுக்குச் சொன்னது. வாயை மூடிக்கொண்டு எண்ணினேன்.

"ஆத்தா."

ரெண்டு. அதற்கப்புறம் இல்லை. கையில் சோப்பு நுரை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

16.6, திங்கள்

இன்றைக்கும். இந்த முறை அடுப்படி ஜன்னலுக்கு வெளியே. ரெண்டு தடவைதான்.

நாகஜோதியிடம் சொன்னேன். "வெயில்ல உக்காராதீங்கன்னா கேக்குறீங்களா அத்தை? இதப் போயி அவருகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள். சொல்லவில்லை. ஆனால் அவள் ஜன்னலைச் சாத்தியதைப் பார்த்தேன்.

18.6, புதன்

என் வாயில் மண் விழ.

உச்சிவேளை. சோறு வடித்துக்கொண்டிருந்தேன். குளியலறைப் பக்கமிருந்து "ஆத்தா" என்று கேட்டது. லேசாக, கரகரவென்று. அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று தெரியும். தெரிஞ்சும் — அதுதான் இப்பக் கொரல மாத்திக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். பாவி. வாயத் தெறக்கல. "ஆத்..." ரெண்டாவது பாதிதான் வந்துச்சு. மூணாவதுக்குக் காத்திருந்தேன். கஞ்சி சொட்டு முடியிற வரைக்கும் காத்திருந்தேன்.

கடையிலிருந்து வந்த நாகஜோதிதான் பார்த்தாள். குளியலறை வாசலில் கிடந்தான், உதடு நீலம்பாரித்து. கட்டி மூச்சை அடைத்துவிட்டது. ஸ்டாண்டு பால்பாண்டியின் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். உடனே கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் தங்கியது.

பெத்த பிள்ளை கூப்பிட்டதுக்கு எவளாவது எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாளா?

21.6, சனி

குழாயோடு பேச முடியாது. வாணியின் நோட்டில் எழுதிக் காட்டுகிறான். பத்தாவது படித்தவன், எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. அஞ்சாவதோடு நின்ற என் எழுத்து எம்புட்டோ தேவலை.

"ரெண்டு வாட்டி கூப்டேன். கேக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"கேட்டுச்சுய்யா. மூணாவதுக்கு உக்காந்திருந்தேன்."

அதற்கு முன்னே ரெண்டு நாள் கேட்டதையும் சொன்னேன். நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். அவன் நோட்டை இழுத்து எழுதினான்: "எந்தக் கொரலு?"

"பழசு. பெரியார் பெரியார்னு கூவுவியே, அது."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா, சிரிக்கிறானா? சத்தமில்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? பிறகு ரொம்ப நிதானமாக எழுதினான்.

"அப்ப அது எனக்கு முந்தியே வெளிய போயிருச்சு. உள்ள கெடக்கறது கட்டிதான். அறுக்கச் சொல்லு."

சம்மதத் தாளில் அவன் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு நான். நர்ஸு என் சேலையைப் பார்த்துவிட்டு கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டியது. "அத அங்கிட்டு வைம்மா. பேனாவக் குடு" என்றேன். அன்னக்கொடி என்று கொம்பும் காலும் புள்ளியும் விடாமல் போட்டேன்.

24.6, செவ்வாய்

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நாலரைக்கு வெளியே. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். உச்சிவேளையில் வராண்டாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அதற்குச் சந்தோசப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

17.7, வியாழன்

வீட்டுக்கு வந்து நாலு நாள்.

மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவன் தூங்கிவிட்டான். கழுத்து ஓட்டைக்கு முன்னே ஈரத்துணி தொங்கியது. குறட்டை இல்லை. வாயும் மூக்கும் சும்மா இருந்தன, மெழுகில் செய்து வைத்த முகம் மாதிரி.

கைக்குழந்தையில் செய்தது போல மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தேன். காற்று இல்லை. உதட்டருகே வைத்தேன். அங்கேயும் இல்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. நாகஜோதியைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

பிறகு கையைக் கீழே இறக்கினேன். ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு வெதுவெதுப்பாக வந்து பட்டது. போனது. மறுபடியும் பட்டது.

வாணி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை கையை எடுக்கவில்லை.