பெரிய மெஷின் வேண்டாம்

எண்ணூர்,
சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

கார்குழலி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல்? போனில் சொன்னால் பாதியிலேயே "வேலையை விட்டுட்டு வந்துடு" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

பட்டறைக்கு ஷாட் பிளாஸ்டிங் மெஷின் வாங்குகிறார்கள். பொடி இரும்புக் குண்டுகளை வீசியடித்துத் துருவை உரிக்கும் மெஷின். ஒரே தடவையில் இருநூறு உருப்படிகளைச் சுத்தம் செய்யும் பெரியதுதான் வேண்டும் என்றார் முதலாளி. தரம் பார்ப்பவள் நான். கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். "வந்து நாலு மாசம் ஆகல, எனக்கே பாடமா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

நான் அசையவில்லை. விற்பவர் காலையில் பளபளவென்று சுத்தம் செய்து காட்டிய உருப்படிகளை அப்படியே மேசையில் வைக்கச் சொன்னேன். சாயங்காலம் பெயின்டர் கிருஷ்ணப்பன் அண்ணன் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், கடல் காத்துல மறுபடியும் துரு புட்ச்சிகீது! அதுக்குள்ள நான் இருவதுக்குத்தான் பெயின்ட் அடிக்க முடியும். மீதிய இன்னா பண்றது?"

இருபது கொள்ளும் சின்ன மெஷினுக்கு ஆர்டர் போய்விட்டது. முதலாளி இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டேன் என்று சொல்லுங்கள். பெரிய ஜாடி வேண்டாம், சின்ன பாட்டில் போதும். இங்கே சாப்பிட நான் ஒருத்திதான். அதற்காக வந்துவிடு என்று சொல்லாதீர்கள். வரமாட்டேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள்
கார்குழலி