மாங்கேணி நாய்

12 பெப்ரவரி, திங்கள்

விடியத் தூறல். ஈரச் சாறியோட பள்ளிக்கு. என்ட வகுப்பு 8B-யில இடம்பெயர்ந்த பிள்ளைகள் இன்னும் ஆறு பேர், எல்லாம் மாங்கேணிப் பக்கம். கதிரை இல்ல. நிலத்தில இருத்தியாச்சு.

வீட்டுக்கு வந்தா வளவுக்குள்ள இன்னொரு நாய்.

பெட்டை. தவிட்டு நிறம், முன்கால் ரெண்டும் வெள்ளை. விலா எலும்பெல்லாம் வெளியில. என்ட மனுசன் பட்டணத்துக்குப் போய், கன்னியர் மடத்து சிஸ்டர் ஒராளும் இன்னும் ரெண்டு மூண்டு பேரும் நடத்துற நாய்க்கொட்டிலில இருந்து கொண்டு வந்திரிக்கார். சண்டையால சனம் விட்டுட்டு ஓடிவந்த ஊர்களில விடுபட்டுப் போன நாய்களை லொறியில ஏத்தி வந்து வச்சிருக்காங்களாம். கேட்டு வாற ஆக்களுக்குக் குடுக்கிறாங்களாம். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்கல்ல.

"உனக்கு ஒண்டு இரிக்கி. எனக்கும் ஒண்டு இரிக்கட்டும்" எண்டார்.

எங்கட பழைய நாய் டைகரைச் சொல்றார். எட்டு வருசமா டைகர் என்ட சொல்லுத்தான் கேட்கும், அவர் கூப்பிட்டாத் திரும்பியும் பார்க்காது. பதுளை றோட்டு அரிசி ஆலை பூட்டி அவருக்கு வேலை போனதிலயிருந்து அந்தக் கோபம் இன்னும் கூடிப்போச்சு.

கொட்டிலில ஒரு தாள் குடுத்திரிக்காங்க. சங்கிலியில கட்டக் கூடாது. றோட்டில விடக் கூடாது. வளர்க்க ஏலாட்டித் திருப்பிக் கொண்டு வரலாம். கீழ, பொறுப்பாளர் எண்ட இடத்தில என்ட பேர். என்ட கையெழுத்து. போட்டது அவர். உத்தியோகம் உள்ள ஆள் வேணும் எண்டாங்களாம்.

பதினெட்டு வருசம் இந்த மனுசனோட. என்ட கையெழுத்தை இவ்வளவு திறமாப் போடுவார் எண்டு இண்டைக்குத்தான் தெரியும். இரவுச் சோறு அவருக்குப் போடல்ல.

13, செவ்வாய்

டைகர் புதுசின்ட காதைக் கிழிச்சிட்டு. மனுசன் டைகருக்கு அடிக்கக் கம்போட ஓடி வந்தார். பறிச்சு வேலிக்கு அங்கால எறிஞ்சன். காதுக்கு மஞ்சள் அப்பினதும் நான்தான். உறுமிச்சு. உறுமட்டும்.

அடுத்த வளவு மச்சாள், அவர்ட தங்கச்சி, வேலிக்குள்ளால முகத்தை நீட்டி, அகதிச் சனம் சோத்துக்கு வரிசையில நிக்குது, உங்களுக்கு ரெண்டு நாய் கேட்குதோ எண்டா. சரியான கேள்வி. கேட்டது அவ எண்டதால பதில் சொல்லல்ல.

வாங்க வேணும்: டெட்டோல், சவுக்காரம், சோக்கட்டி (பள்ளியில முடிஞ்சு).

15, வியாழன்

வெயில். உடுப்பெல்லாம் காஞ்சுது, ஒரு நல்ல விசயம்.

அது ஆரிட்டயும் போகுதில்ல. கடப்படியில, வளவு வாசலில, றோட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்குது. பஸ் வந்தா எழும்பும். இறங்குறவங்களை ஒவ்வொரு ஆளா மணந்து பார்க்கும். மறுகாப் படுக்கும். சோறு வச்சா, நாங்க உள்ள போனாப் பொறகுதான் தின்னும்.

மனுசன் ராணி எண்டு கூப்பிட்டுப் பார்த்தார். லைக்கா, சீதா, பப்பி. ஒண்டுக்கும் காது அசையல்ல. குசினி யன்னலால பார்த்துக்கொண்டு நிண்டன். எனக்குச் சந்தோசம். இதை எழுத வெட்கம்தான். எண்டாலும் சந்தோசம்.

17, சனி

காலை ஏழு மணி. ஆமிச் சென்றியில இருந்து றவுண்ட் போறவங்க எங்கட வளவால போகக்குள்ள அது பாய்ஞ்சிட்டு. வேற ஒரு ஆளுக்கும் குரைக்காத நாய். அந்த உடுப்பைக் கண்டா மட்டும் பைத்தியம். ஒருத்தன்ட களுசானைக் கவ்விப் பிடிச்சுது. அவன் துவக்குப் பிடியால முதுகில இடிச்சான். அப்பயும் விடல்ல. நான் ஓடிப்போய்ப் பின்னங்காலில பிடிச்சு இழுத்தன்.

அவங்களில பெரியவன் கடப்படிக்கு வந்தான். வயசாளி, நரைச்ச மீசை.

"நாய் கட்டுறது. கட்டாட்டிச் சுடுறது."

கோபமாச் சொல்லல்ல. மழை வரும் எண்டு சொல்ற மாதிரிச் சொன்னான். அதாலதான் பயம். நான் "ஓம் சேர், ஓம் சேர்" எண்டு நிண்டன். மனுசன் குசினிக் கதவுக்குப் பின்னால.

அவங்க போனாப் பொறகு அவரைப் பிடிச்சுக் கத்தினன். தாளில கட்டாத எண்டு கிடக்கு, கட்டாட்டி இவன் சுடுவான், சுட்டா சிஸ்டர் என்னட்டத்தானே வந்து கேட்பா, திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க எண்டன்.

"தாளில பேர் உன்டது. நீ கொண்டு போ."

அதோட கதை நிண்டுபோச்சு. இப்ப ஒருத்தரோட ஒருத்தர் பேச்சில்ல. டைகருக்குச் சொல்ற மாதிரி அவருக்குச் சொல்லுறன், தேத்தண்ணி மேசையில கிடக்கு எண்டு.

20, செவ்வாய்

கொப்பிக் கட்டுத் தூக்கிக்கொண்டு 8B சுகந்தி வீடு மட்டும் வந்தா. மாங்கேணிப் பிள்ளை, அகதி முகாமில இருந்து வாறவ. கடப்படியில நாய் எழும்பி அவட கையை மணந்து வாலை ஆட்டிச்சு. எங்கட வளவில அதுக்கு வால் இரிக்கிறதே இண்டைக்குத்தான் கண்டது.

இது எங்கட ஊர்ப் பூமணி மாமி வீட்டு நாய் டீச்சர் எண்டா. பூமணியும் இதே முகாமிலதானாம். கடைசிக் கொட்டில் வரிசை.

பெரிய ஆறுதல். சொந்தக்காரி இரிக்கா, தொல்லை முடிஞ்சுது. மனுசனுக்குச் சொல்லல்ல.

21, புதன்

பள்ளி விட்டு வந்து, கொடிக்கயிறை அவிழ்த்து நாய்ட கழுத்தில கட்டி, முகாமுக்கு. அரை மைல். பாதித் தூரம் நான் அதை இழுத்தன். முகாமடி வர அது என்னை இழுத்துது. செருப்பு வார் அறுந்துபோச்சு.

பூமணி தண்ணி வரிசையில. மெலிஞ்ச மனுசி, காலுக்குக் கீழ குடம். நாய் வயிறு நிலத்தில தேய அழுதுகொண்டு போய், மூத்திரமும் போய், அவட பாதத்தில முகத்தை வச்சுது. அவ குனியல்ல. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால வச்சுக்கொண்டா.

"எங்கட நாய் இல்ல டீச்சர்."

வரிசையில நிண்ட சனம் எல்லாம் மற்றப் பக்கம் திரும்பிச்சு.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். பொய் சொல்லாதீங்க எண்டன். காலடியில கிடக்கிறது தெரியல்லயா எண்டன். உங்கட நாயால என்ட வீட்டில நிம்மதி இல்ல, சென்றிக்காரன் சுடப்போறான் எண்டன். அவ்வளவு சனத்துக்கு முன்னால. படிப்பிக்கிற ஆள் நான்.

அவ பாதத்தை மெல்ல இழுத்து எடுத்தா. முகாமுக்குள்ள நாய் வச்சிருக்க விடமாட்டாங்க எண்டு பக்கத்தில நிண்ட ஒரு கிழவர் எனக்குச் சொன்னார். நாளைக்கு இந்தச் சனத்தை எங்க ஏத்துவாங்களோ தெரியா எண்டும் சொன்னார். அவ அதையும் சொல்லல்ல. திரும்பத் திரும்ப ஒரே சொல்லு, எங்கட இல்ல.

கயிறைப் பிடிச்சு இழுத்தன். வரல்ல. நாலு காலையும் மண்ணில ஊண்டிக்கொண்டு நிண்டுது. கழுத்து நெரியிற சத்தம் கேட்டுது. இழுத்தன். பத்து அடி போனாப் பொறகு பின்னால இருந்து அவட குரல்.

"முள்ளு மீன் குடுக்காதீங்க டீச்சர். தொண்டையில சிக்கும்."

திரும்பிப் பார்த்தன். அவ குடத்தைத் தூக்கி இடுப்பில வச்சுக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நிண்டா. வரிசை நகர்ந்துபோச்சு. அவ நகரல்ல.

வீட்டுக்கு வந்தா மனுசன் நாயைத் தேடிச் சந்தை மட்டும் போய் வந்திரிக்கார். கால் முழுக்கப் புழுதி. எங்க கொண்டு போன எண்டு கேட்டார், நாலு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. நடக்கக் கொண்டு போனன் எண்டன். நம்பல்ல. அவர் அதின்ட கழுத்துக் காயத்தைப் பார்த்தார், மறுகா என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் எடுக்கக் குசினிக்குள்ள போனன்.

22, வியாழன்

8B-யில பன்னிரண்டு பேர் வரல்ல. விடிய முகாமில பாதிச் சனத்தை பஸ்ஸில ஏத்திட்டாங்க. எங்க எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. சுகந்தி இல்ல. பூமணியும் அந்த பஸ்ஸிலதானாம், பள்ளி அதிபர் கேட்டறிஞ்சு சொன்னார்.

வரவுப் பதிவில பன்னிரண்டு வட்டம் போட்டன்.

கடப்படியில அது. பஸ் வந்துது. எழும்பிச்சு. இறங்கினது மச்சாள்.

24, சனி

காலை ஆறே முக்காலுக்கே கடப்படிக்குப் போய் அதுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தன். மச்சாள் வேலியால பார்த்தா. பார்க்கட்டும். மச்சாளை நான் இன்னும் மன்னிக்கல்ல, மனுசனையும் மன்னிக்கல்ல, நாயையும் சேர்த்துத்தான்.

ஏழு மணிக்குச் சப்பாத்துச் சத்தம். அதின்ட முதுகு மயிர் நிமிர்ந்துது. ஒரு கையால கழுத்தைச் சுத்திக் கட்டிப்பிடிச்சன், மற்றக் கையால வாயைப் பொத்தினன். திமிறிச்சு. கை வழுக்கி வாய்க்குள்ள போச்சு. கடிச்சுது. நல்லா ஆழமா, பெருவிரலுக்குக் கீழ.

நான் பிடியை விடல்ல. கத்தவும் இல்ல. அவங்க ஏழு பேர் ஒராளுக்குப் பின்னால ஒராள் போனாங்க. நரைச்ச மீசைக்காரன் என்னையும் பார்த்தான், சாறியில வடியிற ரத்தத்தையும் பார்த்தான். போயிட்டான்.

மனுசன் ஓடி வந்து நாய்ட வாயைத் திறக்கப் பார்த்தார்.

"தொடாதீங்க" எண்டன். "அது தானா விடும்."