இரைச்சலின் கடைசிப் பக்கம்

அன்பு மாப்ள ஸ்டீபன்,

நீ போய் மூன்று வருடமாகிறது. ஆனைக்கரையில் ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. கம்பத்து ஜீப்புகள் விடிந்ததுமே ஆள் ஏற்றி வந்துவிடுகின்றன. நம் 'இரைச்சல்' இப்போது பத்திரிகை இல்லை, பதிப்பகம். சிரிக்காதே, போர்டுகூட மாட்டிவிட்டேன்.

போஸ்ட்-பங்க் என்று கிட்டாரும் டிரம்ஸுமாய் இரைச்சல் போடும் மேல்நாட்டுப் பாட்டுக் குழுக்களைப் பற்றி நாம் எழுதி, வெட்டி, சோற்றுப் பசையில் ஒட்டி, குமுளியில் ஜெராக்ஸ் போட்ட எட்டுப் பக்கம் அது. இந்த மலையில் யார் வாசிப்பார்கள் என்று நான் சலித்துக்கொண்டேன். நீயோ பிரதிகளை அந்த ஜீப்புகளில் போட்டு அனுப்பினாய். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, படித்தவர் ஏதாவது எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றாய்.

காய் எடுக்க வரும் பேச்சியம்மாள் அக்கா எழுதியது நினைவிருக்கிறதா? "சத்தத்தப் பத்தி இம்புட்டு எழுதுறீகளே, மருந்தடிக்கிற மிசினு பக்கத்துல ஒரு நாளு நின்னு பாத்தீகளா?"

பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கிழிக்கப் போனேன். நீ பிடுங்கி, அடுத்த இதழின் முதல் பக்கத்தில் போட்டாய். ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகுதானே எழுதிய பக்கங்கள் வந்து குவிந்தன? தப்பு என்னுடையதுதான், மாப்ள. நீ இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்த அக்கா ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பதைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டால் நாங்கள் போடுகிறோம் என்று நகரத்துப் பெரிய பதிப்பகம் ஒன்று கேட்டது. நாலு ஊருக்குப் போய்ச் சேருமே என்று எனக்கும் சபலம் தட்டியது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கூடையை இறக்கி வைத்தார்.

"அத எடுத்துட்டா நான் எதுக்குத் தம்பி எழுதுனேன்?"

அன்றைக்கே வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். ஒரு வரி குறையாமல் நாமே அச்சடித்தோம். காலியாக விட்ட கடைசிப் பக்கம் வீணாகப் போகிறதே என்று அச்சகத்தில் கேட்டார்கள். அது அப்படித்தான் என்றேன். நன்றாக வந்திருக்கிறது, மாப்ள. யாரிடமும் கெஞ்ச வேண்டிய புத்தகம் இல்லை இது.

நாளைக் காலை பிரதிகள் ஜீப்பில் ஏறும். முதல் பிரதியை மட்டும் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்து வருகிறேன். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட எழுதாத கடைசிப் பக்கம்; அந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி யார் எழுதிய பக்கத்தையும் என் கை கிழிக்காது.

என்றும் உன் மச்சான்,
முருகேசன்